மேல என்றால் வானம் இல்லை

என் உரைநடைக் கவிதைகளைத் தொடர்ந்து வெளியிட்டுவந்த ஒரே சிற்றிதழ் நின்றுபோனது. அதன் ஆசிரியரைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரும் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தார். எனக்குத்தான் கை அரித்தது. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு, தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறவனுக்கு, மூடுபனியைப் பற்றி எழுதினால் "போன தடவையும் மூடுபனிதானுங்களே?" என்று கேட்கிற ஊரில் வாழ்கிறவனுக்கு, சொல்ல இன்னும் நிறைய மீதி இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் குன்னூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டு வந்தார். யாரோ ஒரு இளைஞன் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டே கத்துகிறான். அவ்வளவுதான் வீடியோ. அவன் வாயில் இருந்த சொற்கள் மூன்று: டேய், செத்தான், லைக் பண்ணுங்க. அதைப் பார்க்க ஒரு மாவட்டமே திரண்டிருந்தது. இந்தச் சொல்வளத்துக்கே இவ்வளவு கூட்டம் என்றால், வாழ்நாளெல்லாம் சொற்களைக் காயவைத்து, வறுத்து, சலித்து எடுத்த எனக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன். கவிஞர்கள் போடுகிற கணக்கு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் தவறவிட்டேன்.

விளையாட்டு எனக்குப் புதிதல்ல. என் மனைவியின் தங்கை கணவர், அதாவது என் சகலை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜர். அவரும் நானும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் செல்போன் வழியே ஒரே அணியாகச் சேர்ந்து ஒரு தீவில் பாராசூட்டில் இறங்குவோம். கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சுட வேண்டும், கடைசிவரை சாகாமல் இருந்தால் ஜெயித்தோம் என்பது விதி. இறங்கிய சூட்டோடு செத்துப்போவது எங்கள் வழக்கம். தொப்பை விழுந்த இரண்டு குடும்பஸ்தர்கள் வாரம் தவறாமல் ஒன்றாகச் செத்துவந்தோம். இனி அதைப் பதிவுசெய்து, வர்ணனையோடு உலகுக்குத் தருவது என்று முடிவாயிற்று.

சேனல் தொடங்குவது சுலபம். யாரும் தடுப்பதில்லை. தடுத்திருக்கலாம்.

முதல் வீடியோவுக்கு வர்ணனையை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். தீவில் கால் வைத்ததும் ஆரம்பித்தேன்: "பழைய சால்வை ஒன்றை உதறி மடிக்க மனமில்லாமல் நிற்கிற கிழவியைப்போல இந்தப் புல்வெளியின் மீது காற்று..." அதற்குள் சுட்டுவிட்டார்கள். நீண்ட வாக்கியம் உயிருக்கு ஆபத்து என்று எந்த இலக்கண ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. காற்று என்ன செய்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எழுதிப் பேசுவதை விட்டேன். வாய்க்கு வந்ததைப் பேசலாம் என்று பார்த்தால், எங்கள் வாய்க்கு வருவதெல்லாம் மரியாதை. கோயமுத்தூர்ப் பக்கத்து நாக்கு கொலை செய்யும்போதும் ‘ங்க’ போடும்.

"சகல, அந்தச் செவுத்துக்குப் பொறகால ஒருத்தர் ஒளிஞ்சிருக்காருங்க."

"பாத்தனுங்க சகல. அவருக்கு ஒரு குண்டு போட்டர்லாங்களா?"

"போடுங்க, போடுங்க. பாத்து, அடிபட்டுக்காதீங்க."

இதற்கு வந்த முதல் கருத்துரை: "அண்ணா, நீங்க ரெண்டு பேரும் சுடப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" இருபத்தைந்து வருட இலக்கிய வாழ்க்கையில் என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதுதான் மிகச் சுருக்கமானது, மிகச் சரியானது. எழுதியவர் பிறகு வரவில்லை. யாருமே வரவில்லை.

இதில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். சகலைகள் நாங்கள் வாரம்தோறும் சேர்ந்து செத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் மனைவிமார் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அக்கா தங்கை இருவரும் நாடுகாணிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். மேல லைனிலிருந்து கீழ லைனுக்குத் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள். அவர்களுக்கு ரகசியம் என்பதே கொஞ்சம் மெதுவான கத்தல்தான். அப்படிப்பட்ட இரண்டு பேர் பேசாமல் இருப்பது என்றால், கொட்டிக்கொண்டே இருந்த மழை திடீரென்று நின்று, காதுக்குள் ஒரு ஓட்டை விழுந்தது போல இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஓட்டை போன கோடை சீசனிலிருந்து திறந்தே கிடந்தது.

காரணம் ஒரு ஸ்டேட்டஸ். மே மாதம் தங்கை குடும்பத்தோடு ஊட்டிக்கு வந்திருக்கிறாள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹோட்டலில் ரூம் போட்டுத் தங்கியிருக்கிறாள். தங்கிய கையோடு, புதுச் சால்வை போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நின்று எடுத்த போட்டோவை வாட்ஸப்பில் வைத்துவிட்டாள். குன்னூருக்குப் பக்கத்தில் ஜகதளாவில் எங்கள் வீட்டு அடுப்படியில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி அதைப் பார்த்தாள். பால் முழுதும் பொங்கி வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"மேல வந்திருக்கறா," என்றாள். "மேல வந்துபோட்டு, ரூம் போட்டிருக்கறா."

அன்றோடு சரி. போன் கிடையாது. பொங்கல் வாழ்த்து கிடையாது. நான் சமாதானமாக ஏதோ சொல்லப்போய், "உங்க சகல ஊட்டுப் பஞ்சாயத்துக்கு நீங்க போகாதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவைத்தாள். அவள் எழுதவந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த நிலையில் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்தால், அடுப்படியில் என் குரல் கேட்கிறது. நான் வாசலில் நிற்கிறேன், என் குரல் உள்ளே பேசுகிறது. எட்டிப் பார்த்தேன். அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்து என் மனைவி எங்கள் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெஞ்சு விம்மியது என்று எழுதினால் பழைய பாணி. ஆனால் விம்மியது. திருமணமான புதிதில் என் கவிதைத் தொகுப்பைக் கையில் கொடுத்தபோது அட்டை வழவழப்பாக இருப்பதாகச் சொன்னவள். அதற்குப் பின் அதைத் திறந்ததாக எந்தத் தடயமும் இல்லை. இப்போது வீடியோவில் ஒரே இடத்தை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்கிறாள். மறுபடி. மறுபடி. காதைக் கிட்டக் கொண்டுபோகிறாள். ஏரியின் மீது கவிந்த பனியைப் பற்றி அந்த இடத்தில் நான் ஒரு உவமை சொல்லியிருந்தேன். நல்ல உவமை. இத்தனை வருடம் கழித்து ஒரு உவமை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று நின்றேன்.

என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தாள். "என்ன அப்படிக் கேட்கிற?" என்றேன், தெரியாதவன் போல.

கொஞ்ச நேரம் எதையோ தேடுகிறவள் போல அலமாரியைப் பார்த்தாள். பிறகு, "இருமறா" என்றாள்.

"யாரு?"

"பின்னால. நீங்க அந்த ஏரியப் பத்தி வளவளன்னு பேசறீங்கல்ல, அதுக்குப் பின்னால. நல்லாக் கேளுங்க."

கேட்டேன். என் உவமைக்கு அடியில், சகலையின் மைக்கில், திருப்பூர் வீட்டின் குக்கர் விசில் கேட்டது. யாரோ பாத்திரம் வைத்தார்கள். பிறகு இருமல். வறண்ட, நீளமான இருமல். அதன் முடிவில் ஒரு பெண் குரல், "இந்தத் துணிய எடுத்து உள்ள போடுங்க, தூசி வருது" என்றது. தங்கை.

"போன வாரமும் இருமினா. அதுக்கு முந்தின வாரம் இல்ல. பஞ்சுத் தூசி அவளுக்குச் சேராது, சின்னதுலயே மார்ச்சளி. டாக்டர்கிட்டப் போனாளான்னு தெரியல."

"போன் பண்ணிக் கேளேன்."

"நான் எதுக்குக் கேக்கோணும்? ரூம் போட்டவ அவ."

ஆக, எங்கள் சேனலின் ஒரே நிரந்தரப் பார்வையாளர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் வீரத்துக்கும் என் மொழிக்கும் பின்னால், மன்னிப்புக் கேட்காமல் இருமிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது. விளையாடும்போதே காதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வேன். தங்கை பேச ஆரம்பித்தால் என் வர்ணனையை நிறுத்திவிடுவேன். தமிழில் வர்ணனையாளரே அடிக்கடி வாயை மூடிக்கொண்ட முதல் சேனல் எங்களுடையதாகத்தான் இருக்கும். சேனலின் தரம் அந்த வாரங்களில்தான் உயர்ந்தது.

சகலைக்கு இது எதுவும் தெரியாது. அவர் தரத்தை வேறு வழியில் உயர்த்த முடிவுசெய்தார். கம்பெனிப் பையன்கள் சொன்னார்கள் என்று புதிதாக ஒரு ஹெட்போன் வாங்கினார். சுற்றுப்புறச் சத்தத்தையெல்லாம் தானே வடிகட்டிவிடும் ஹெட்போன். அடுத்த வீடியோவில் சகலையின் குரல் மட்டும் கேட்டது, கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுகிற கடவுள் போல. குக்கர் இல்லை. பாத்திரம் இல்லை. திருப்பூரே இல்லை.

அந்த வீடியோவின் கீழே ஒரு கருத்துரை வந்தது. "பழைய மைக்கே போதும். இப்ப ஒன்னும் கேக்கல." பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. படமாக ஒரு சிவப்பு ரோஜா. வாசகர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அன்புமிக்க நீண்ட பதிலொன்றை எழுதி முடித்து, அனுப்பும் முன் அந்த ரோஜாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். ரோஜாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தண்ணி டிரம் நின்றது.

பதிலை அழித்துவிட்டு சகலைக்குப் போன் போட்டேன். காரணத்தைச் சொன்னால் இங்கே எனக்குச் சோறு கிடையாது. எனவே இலக்கியத்தை இழுத்தேன். "சகல, அந்த ஹெட்போன் வேண்டாங்க. யதார்த்தம் போயிருது. வாழ்க்கையோட சத்தம் வேணும், குக்கர், பாத்திரம்..."

"சகல, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லீங்களா?"

"கலையிங்க சகல. சொன்னாப் புரியாது."

புரியாது என்று சொன்னால் மனுசன் கேட்டுக்கொள்வார். பதினைந்து வருடமாக என் புத்தகத்தை அப்படித்தான் மதித்துவருகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு உட்கார்ந்தார்.

என் மனைவியும் அன்று பட்டாணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தக் காதுல மாட்டறதக் கழட்டுங்க. என்னதான் பண்றீங்கன்னு நானும் பாக்கறேன்" என்றாள், முகத்தில் ஒரு அக்கறையும் காட்டாமல். நானும் ஸ்பீக்கரில் போட்டேன். வெளியே தேயிலைக்கு மேலே மழை ஒரு முடிவுக்கு வராமல் நின்றுகொண்டிருந்தது. பட்டாணித் தோல் உடைகிற சத்தம், அந்தப் பக்கம் மிக்ஸி சத்தம். தங்கை ஒரு முறை இருமினாள். பட்டாணி நின்றது. பிறகு தொடர்ந்தது.

தீவில் அன்று எங்களை ஒரு மலைச்சரிவில் இறக்கியிருந்தார்கள். நான் கீழே ஒரு பாறை மறைவில். சகலை சரிவின் நடுவில், வெட்டவெளியில், கண்காட்சிக்கு வைத்தது போல. சரிவின் உச்சிப் பக்கமிருந்து ஒருவன் அவரைக் குறிபார்ப்பதைக் கண்டேன்.

"சகல! மேல! மேல ஒருத்தர் இருக்காருங்க!"

சகலை துப்பாக்கியைச் செங்குத்தாகத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தார்.

"எங்கீங்க? மேல ஒன்னுமில்லீங்களே. ஒரு மேகந்தான் போகுது."

"மேலங்க! மேல!"

"பாத்துட்டேதான் இருக்கறனுங்க!"

இங்கே ஒரு விஷயம். எங்கள் மலையில் இடது வலது கிடையாது. கிழக்கு மேற்கு கிடையாது. மேடேறுகிற பக்கம் எல்லாம் மேல. இறங்குகிற பக்கம் எல்லாம் கீழ. ரோட்டுக்கு மேல வீடு, ரோட்டுக்குக் கீழ வீடு. சாப்பாட்டு மேசையில்கூட டம்ளரைக் கொஞ்சம் மேல தள்ளி வை என்றுதான் சொல்வோம், மேசையின் மலைப்பக்க ஓரத்தை நினைத்து. சமவெளி மொத்தத்துக்கும் நாங்கள் வைத்திருக்கிற பெயர் கீழ. எனக்கு இது இயற்கை. தட்டையான ஊரில் பிறந்த சகலைக்கு மேல என்றால் மின்விசிறியும் அதற்கு மேல் ஆண்டவனும்தான். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டு விழ ஆரம்பித்தது.

திருப்பூர் அடுப்படியில் மிக்ஸி நின்றது.

"ஏனுங்க, ஐயோ, மேலன்னா மேட்டுப்பக்கமுங்க! எங்கூர்ல யாரு வானத்தப் பாப்பாங்க? மலப்பக்கம் திரும்புங்க!"

"அப்படிச் சொல்லு புள்ள!" என்று இங்கே ஒரு குரல் வெடித்தது. என் காதுக்குப் பக்கத்தில். "இத்தன வருசம் குடும்பம் நடத்தி, மேல எது கீழ எதுன்னுகூடச் சொல்லித் தரலயா நீ அந்த மனுசனுக்கு?"

தீவில் ஒரு பறவை கத்தியது. என் மனைவியின் கையில் ஒரு பட்டாணிக் காய் பாதி பிளந்தபடி நின்றது. சொல்லிய வாயை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"அக்கா?" என்றாள் தங்கை.

வாயைத் திறக்க வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே மூடிக்கொண்டேன். சகலையும்.

"அக்காவாமா. அக்கா இருக்கறது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? மேல வந்தபோது தெரியலயா? அருவங்காட்டுல எங்கூட்டுப் பக்கம் திரும்பறதுக்கு உங்க காருக்கு ஸ்டீரிங் வரலயா?"

"வந்துச்சுக்கா. நாந்தான் திரும்ப வேண்டாம்னு சொன்னேன்."

"சொல்லுவ. ஹோட்டலு, ஜன்னலு, சால்வ..."

"எங்க அத்தை கூட வந்திருந்தாங்க."

"வந்தா? எங்கூட்டுல ஒறம்பர சனம் வந்தா உக்கார எடமில்லயா?"

"முந்தின தடவ உங்கூட்டுல தங்கிட்டு எறங்கினமே, ஞாபகம் இருக்கா? உங்க கம்பளி ஈரநாத்தம் அடிக்குதுன்னு எங்கத்த குன்னூர்ல ஆரம்பிச்சாங்க. திருப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தல. அப்புறம் பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. கோயில்ல சொன்னாங்க. உன்னோட ஊட்டத் திரும்பவும் கொண்டுபோய் அவங்க வாயில குடுக்கறதுக்கு எனக்கு மனசு வரலக்கா. நேராச் சொன்னா உனக்குக் கோவம் வரும். அதான் சொல்லாம வந்து, சொல்லாமப் போயிர்லாம்னு..."

"சொல்லாமப் போறவ போட்டோ எதுக்குடி வெச்ச?"

"அத்ததான் வைக்கச் சொன்னாங்க. புதுச் சால்வ, அவங்க எடுத்துக் குடுத்தது."

என் மனைவி பட்டாணித் தட்டைத் தரையில் வைத்தாள். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கம்பளி மட்டுமா, அரிசி, தீப்பெட்டி, என் தொகுப்பின் விற்காத பிரதிகள், மனிதர்கள், எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிடும். நாங்கள் அதற்குள்ளேயே இருப்பதால் எங்களுக்குத் தெரிவதில்லை. அவள் முகத்தில் கோபம் இடம் மாறுவதைப் பார்த்தேன். தங்கையை விட்டு இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாமியாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"அந்த ஹோட்டல்ல கம்பளி எப்படி இருந்துச்சு?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அதும் நாறுச்சுக்கா."

"உங்கத்த என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. அது காசு குடுத்த நாத்தம்ல."

முதலில் இங்கே ஆரம்பித்ததா அங்கே ஆரம்பித்ததா என்று தெரியவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களும் கிழிகிற மாதிரி சிரித்தார்கள். லைன் வீட்டுச் சிரிப்பு, மேல லைனிலிருந்து கீழ லைன்வரை கேட்கிற சிரிப்பு. சிரித்துச் சிரித்துத் தங்கைக்கு இருமல் வந்துவிட்டது. இவள் சட்டென்று நிறுத்தினாள்.

"டாக்டர்கிட்டப் போனயா இல்லயா? ஒரு மாசமா இருமிட்டே இருக்கற."

"எனக்கு இருமல்னு உனக்கு யாரு சொன்னா?"

பிடிபட்டுவிட்டாள். என்னை ஒரு முறை முறைத்தாள், நான்தான் இருமியது போல. "உங்க மாமா சேனல்ல வருது."

"அக்கா, நீ அதெல்லாமா பாக்கற?"

"அத யாரு பாப்பா? கேப்பேன்."

"நானுந்தாங்க்கா. நீ கொரங்கு வெரட்டறது நல்லாக் கேக்குது."

சேனலுக்கு வழக்கமாக வருகிற பார்வைகள் யாருடையவை என்ற புள்ளிவிவரம் அந்த நொடியில் எனக்கு முழுமையாக விளங்கியது. சகலைக்கும் விளங்கியிருக்க வேண்டும். "சகல, நம்மள ஒருத்தருமே பாக்கலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் திரையைப் பார்த்தோம். அவர் எப்போதோ செத்திருந்தார். நான் பாறைக்குப் பின்னால் அசையாமல் நின்றதில் யார் கண்ணிலும் படாமல், தீவில் மற்றவர்களெல்லாம் ஒருவரையொருவர் தீர்த்துக்கொண்டு, கடைசி இரண்டு பேரில் ஒருவனாக மிஞ்சியிருந்தேன். ஜெயிப்பதற்கு இன்னும் ஒருவர்தான் பாக்கி. அவரைத் தேடிப் பாறையை விட்டு வெளியே வந்தேன். அவர் என்னை முதலில் கண்டுபிடித்தார்.

அந்தப் பதிவைப் போல ஒன்றை நாங்கள் அதற்கு முன்பும் எடுத்ததில்லை, பின்பும் எடுக்கவில்லை. அதில் போர் இருந்தது, துரோகம் இருந்தது, சமாதானம் இருந்தது. முக்கியமாக, என் வர்ணனை இல்லை. போட்டிருந்தால் ஊர் திரண்டிருக்கும்.

"போடட்டுமா?" என்று கேட்டேன்.

"அவ மாமியா பாத்தா?" என்றாள் என் மனைவி. அழித்தேன். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மழைக்குள் நின்று டாக்டர் பெயர், கஷாயம், எத்தனை வேளை என்று கத்துவது கேட்டது.

தங்கைக்கு இருமல் நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை. இப்போது அவர்கள் தினமும் பேசுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்பட. அதனால் சேனலுக்கு இருந்த இரண்டு பார்வையாளர்களும் போய்விட்டார்கள். ரோஜாப் படத்திலிருந்து கருத்துரை வருவதில்லை. சகலை ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். யதார்த்தம் எங்கே போயிற்று என்று நானும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் மரியாதையாகச் சுடுகிறோம், மரியாதையாகச் சாகிறோம், அதை ஒழுங்காகப் பதிவேற்றுகிறோம். இலக்கியத்தில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. யாரும் கேட்காத இடத்தில் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பது ஒன்றும் புதிதில்லை.

போன வாரம் ஒரு வீட்டு மாடியில் பதுங்கியிருந்தேன். படியில் காலடிச் சத்தம். யாரோ ஏறிவருகிறான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியைத் திருப்பி, வெகு நாளைக்குப் பிறகு ஒரு நல்ல வாக்கியத்தைத் தொடங்கினேன். அடுப்படியிலிருந்து மனைவி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கொஞ்சம் மெதுவாச் சுடுங்க. தங்கச்சி பேசறது கேக்கல."

சத்தத்தைக் குறைத்தேன். காலடி கேட்கவில்லை. செத்துப்போனேன்.